டாக்டர் மாதையன் திறந்து வைத்த பாதை

சீமைக்குப் போய்த் திரும்பிய தீர்த்தகிரி, பென்னாகரத்துக்கு மூன்று சாமான்களைக் கொண்டுவந்தார். காதை மூடும் கம்பளித் தொப்பி ஒன்று, வெள்ளை கான்வாஸ் ஜோடு ஒன்று, ஓட்டம் ஒன்று. தொப்பியையும் ஜோட்டையும் ஊர் ஒரு வாரம் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. ஓட்டத்திலிருந்துதான் யாராலும் தப்பிக்க முடியவில்லை.

ஓட்டம் என்றால் அவர் ஓடிக் காட்டவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிக் காட்டினார்.

"விடிஞ்சா ஆத்தங்கரைதான். இந்தப் பக்கம் தண்ணி, அந்தப் பக்கம் புல்லு, நடுவுல பாதை. மொதல்ல ஒரு கோட்டை வரும். நம்ம பாட்டனுக்குப் பாட்டன் பொறக்கறதுக்கு முன்னாடி கட்டுனது. அதத் தாண்டுனா கல்லுப் பாலம். அப்பறம் தண்ணியில சுத்தற மாவு மில்லு. கடைசியா கூரையில்லாத மடாலயம் ஒண்ணு. டாக்டருங்க, ஜட்ஜுங்க எல்லாம் அரை டவுசரு போட்டுக்கிட்டு ஓடுவாங்க. எதுத்தாப்பல வந்தா 'மார்னிங்'னு சொல்லுவாங்க. நானும் 'மார்னிங்'னு சொல்லிக்கிட்டே ஓடுவேன்."

"அவ்ளோ தூரம் எதுக்கு சார் ஓடறாங்க?" என்று கேட்டார் புளி மண்டி கவுஸ் பாஷா. "நம்மூர்ல நாய் தொரத்துனாதானே ஓடுவாங்க."

"எதுக்கும் இல்ல பாஷா. அதுக்குப் பேருதான் நாகரிகம்."

நடந்தது வேறு. மகன் மாதையனுக்கு அங்கே ஒரு சின்ன ஊரில் டாக்டர் உத்தியோகம். மருமகள் வெள்ளைக்காரி. கெட்டவள் என்று சொல்ல முடியாது, பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள். ஆனால் மாமனார் விடியற்காலையில் குளியலறையில் நின்று தொண்டையைக் காறும் சத்தம் அவளுக்கு ஒத்துவரவில்லை. வந்த மூன்றாம் நாள் மகன் ஒரு ஜோட்டையும் தொப்பியையும் வாங்கிவந்து கொடுத்தான். "அப்பா, காலையில அவ வேலைக்குக் கெளம்பற வரைக்கும் ஆத்துப் பக்கம் நடந்துட்டு வாங்களேன். நல்ல பாதை" என்றான். நல்ல பாதைதான். தீர்த்தகிரி கோட்டையைப் பார்த்தார், பாலத்தின் மேல் நின்றார், மடாலயத்துச் சுவரில் சாய்ந்து கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் இந்நேரம் போயிருப்பாளா என்று யோசித்தார். ஓடுகிறவர்கள் அவரைத் தாண்டி ஓடினார்கள். நாயோடு வரும் கிழவர் ஒருவர் மட்டும் 'மார்னிங்' என்பார். போயிருந்த மூன்று மாதத்தில் அவரோடு வெளியார் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

இதை ஊரில் வந்து சொல்ல முடியுமா? அவர் தாசில்தார் தீர்த்தகிரி. ஓய்வு பெற்றது என்னவோ துணைத் தாசில்தாராகத்தான். 'துணை' ஓய்வு பெற்ற அன்றைக்கே உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருக்கும் மரியாதையும் அதே மாதிரி உதிரக் கூடாது என்றால் ஓடித்தான் ஆகவேண்டும்.

வீட்டில் பாடு வேறு. மகன் அனுப்பியது ஒரே ஒரு டிக்கெட். அதில் மனைவி நஞ்சம்மாளுக்கு இடம் இல்லை. அவர் திரும்பிவந்த அன்று சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அவன் என்னயக் கேட்டானாங்க?"

"கேக்காம இருப்பானா?"

"என்னான்னு கேட்டான்?"

"அம்மா எப்பிடி இருக்குதுன்னு கேட்டான்."

"அப்பறம்?"

அப்புறம் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் விடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை கேட்டாள். அவரும் வாரத்துக்கு ஒரு வரி சேர்த்துச் சொன்னார். மாசி மாதம் வருவதற்குள் மாதையன் அம்மா கைக் களியை நினைத்து அழவே ஆரம்பித்துவிட்டான். அழுதவன் ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்ற பயம்தான் தீர்த்தகிரியை ராத்தூக்கம் இல்லாமல் அடித்தது. மகனை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஊருக்கு வரவைத்துவிட்டால் போதும். அவள் அவனைக் கண்ணால் பார்த்துவிடுவாள். அவர் சொன்னதெல்லாம் மெய்யாகிவிடும்.

அதற்குத்தான் பாதை.

டெல்லியில் ஆசிய விளையாட்டு நடந்து முடிந்த மறுவருஷம் அது. பேப்பரில் எங்கு பார்த்தாலும் ஓடுகிற படம். தீர்த்தகிரி 'வரலாற்று நதிக்கரை ஓட்ட விழாக் குழு' என்று ஒன்றை ஆரம்பித்தார். தலைவர் அவர். பொருளாளர் கவுஸ் பாஷா, கேட்டதற்கு மறுக்கத் தெரியாத மனுஷர் என்பதால். செயலாளர் உயர்நிலைப் பள்ளி டிரில் வாத்தியார் சவுரியப்பன், ஊரில் விசில் அவரிடம் மட்டும்தான் இருந்தது என்பதால். ஏரியூருக்கு அப்பால் காவிரிக் கரையில் ஆத்துமேட்டூர் என்று ஒரு குக்கிராமம், அங்கே பாதை. சீமையில் இருப்பதைப் போலவே அச்சாக நான்கு வரலாற்றுச் சின்னங்கள். திறந்து வைப்பவர் டாக்டர் மாதையன். தன் பேரில் ஒரு பாதையே இருக்கும்போது அவன் வராமல் எப்படி இருப்பான்?

சித்திரை வருஷப் பிறப்புக்குப் போனில் பேசும்போது விஷயத்தைச் சொன்னார். "பாக்கறேம்பா" என்றான் மாதையன். அது நோட்டீசில் 'லண்டன் டாக்டர் வருகிறார்' என்று ஏறியது. அவன் இருந்த ஊருக்கும் லண்டனுக்கும் அரைநாள் ரயில் பயணம். ஆனால் அவன் ஊர்ப் பெயரைப் போட்டால் யார் மதிப்பார்கள்?

முதல் இடைஞ்சல் ஆற்றிலிருந்தே வந்தது. மழை பொய்த்த வருஷம். கீழே இருக்கும் அணைக்குள் தண்ணீர் இறங்கி இறங்கி, நதிக்கரைக்கும் நதிக்கும் சம்பந்தம் விட்டுப்போயிருந்தது. கரையில் நின்று, அதோ பளபளவென்று தெரிகிறதே என்று விரலை நீட்டித்தான் காட்ட வேண்டும்.

"ஆறு எங்க சார்?" என்றார் கவுஸ் பாஷா.

"வந்துரும். பாதையப் பாரு."

சின்னங்களைத் தேடிக் குழு வெயிலில் நடந்தது. யாரோ எப்போதோ ஆட்டுப்பட்டி கட்டியிருந்த குட்டிச் சுவர் கோட்டையானது.

"இதுல எந்த ராஜா சார் இருந்தாரு?"

"எவனாச்சும் ஒருத்தன் இருந்திருப்பான். பின்னால பாத்துக்கலாம்."

இரண்டு தூணோடு நின்றுபோன பஞ்சாயத்துப் பாலம், பாலம். தகரம் பறந்துபோன கடலை எண்ணெய் மில், மில். ஊர் எல்லையில் கூரையில்லாமல் நின்ற முனியப்பன் கோயில், மடாலயம். சவுரியப்பனுக்கு ஒரு யோசனை வந்தது.

"சார், வழியில நாலஞ்சு வேடியப்பன் கல்லு இருக்குதுங்க. நெசமாவே பழசுங்க. காலேஜ்ல இருந்து வந்து எழுத்தக் காயிதத்துல மையடிச்சு எடுத்துக்கிட்டுப் போனாங்க. அதச் சேத்துக்கலாங்களா?"

அந்தப் பக்கம் எந்தக் காட்டோரம் போனாலும் அப்படி ஒரு நடுகல் நிற்கும். அதில் ஓர் ஆள், முன்னே வைத்த கால், ஓங்கிய கை. மேலே சூரியன், சந்திரன். மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன். பெயரெல்லாம் மறந்துபோய் எல்லாரும் வேடியப்பன் ஆகிவிட்டார்கள். மஞ்சள் தடவிக் கும்பிடுவார்கள். கல் நிற்கும் இடத்தில் செருப்பைக் கழற்றாமல் தாண்ட மாட்டார்கள்.

தீர்த்தகிரி சவுரியப்பனைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதெல்லாம் காட்டுச் சாமி வாத்தியாரே. வரலாறுன்னா கோட்டை வேணும், மடாலயம் வேணும். கல்லக் காட்டுனா சீமையில சிரிப்பான்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் பாக்கி. கல் வேலைக்கு ஊரில் பச்சியப்பன் ஒருத்தன்தான். அம்மி, ஆட்டுக்கல், எல்லைக் கல் எல்லாம் அடிப்பான். தீர்த்தகிரி அவனிடம் ஒரு பத்திரிகைப் படத்தைக் கொடுத்தார்: அரை டவுசர் போட்ட ஒருவன் கையில் தீப்பந்தம் ஏந்தி ஓடுகிறான்.

"இந்த மாதிரி எம் பையன் ஓடறாப்பல போட்டு, கீழ எழுதிரு. 'டாக்டர் தீ. மாதையன் அவர்களால்.' அடுத்த வரி தேதி. கடைசி வரி, 'திறந்து வைக்கப்பட்டது.'"

பச்சியப்பன் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தான். "ஆளு போட்டா மேல சூரியன் சந்திரன் போடறது வழக்கமுங்க."

"போடு, நல்லாத்தான் இருக்கும்."

கையில் இருப்பது பந்தமா வாளா என்று பச்சியப்பனின் உளி அதிகம் கவலைப்படவில்லை. பழகிய கை பழகியபடி போயிற்று.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது தீர்த்தகிரி போஸ்டாபீசில் டிரங்கால் போட்டார். எந்த விமானம், எத்தனை மணிக்கு வருகிறது, கார் வைக்க வேண்டுமே. காலையில் பதிந்தது பொழுது சாயத்தான் கிடைத்தது. அதற்குள், சீமைக்குப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டுப் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றுவிட்டார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி "ஹலோ" என்றார்.

அந்த ஒரு ஹலோதான் ஊருக்குக் கேட்டது. அதற்குமேல் அவர் பேசவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்பா, லீவு இல்ல" என்றான் மாதையன். கரகரவென்று இரைச்சல் குறுக்கே வந்தது. பிறகு, "லீவு மட்டும் இல்லப்பா. நாங்க இங்கயே நிரந்தரமா இருக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். அடிக்கடி வா வான்னு கூப்பிட்டு, ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லி, என்னயச் சங்கடத்துல விடாதீங்க. அங்க வந்து நான் என்ன செய்யறது சொல்லுங்க. அம்மாகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க."

அம்மா எப்படி இருக்கிறாள் என்று அவன் கேட்பானென்று தீர்த்தகிரி ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றார். மூன்று நிமிஷம் ஆயிற்று என்று ஆபரேட்டர் பெண்தான் பேசினாள்.

வெளியே வந்தவர் படியில் உட்கார்ந்துவிட்டார். தொப்பி கையில் இருந்தது. "டாக்டரு எப்பிடிங்க இருக்காரு?" என்று தபால்காரர் கேட்டார். கேட்காதே என்பதுபோல் தீர்த்தகிரி கையை உயர்த்தினார். பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் கலைந்து போனார்கள்.

பச்சியப்பன் அன்றைக்கே கல்லை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், முனியப்பன் கோயிலுக்கு முந்தின திருப்பத்தில் நட்டுவிட்டான். காற்றுக்குச் சாயக் கூடாதே என்று நன்றாக ஆழமாக நட்டான். 'திறந்து வைக்கப்பட்டது' என்ற கடைசி வரி மண்ணுக்குள் போய்விட்டது. மேலே நின்றது ஓங்கிய கையோடு ஓர் ஆள், சூரியன், சந்திரன், மாதையன் பெயர், தேதி. மறுநாள் போய்ப் பார்த்த தீர்த்தகிரி, போனது போகட்டும் என்று விட்டுவிட்டார். திறந்து வைக்கத்தான் யாரும் வரப்போவதில்லையே.

விழாவை நிறுத்த அவருக்கு வாய் வரவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். நடத்திவிட்டு, கடைசி நேரத்தில் விமானம் ரத்து என்று சொல்லிக்கொள்ளலாம். நஞ்சம்மாளிடமும் அப்படியே நினைத்துக்கொண்டு, "நேரா ஆத்தங்கரைக்கே கார்ல வந்துருவான்" என்று சொல்லிவைத்தார். அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள்.

ஆனால் அந்த நான்கு நாளில் ஒரு விசித்திரம் நடந்தது. ஊர் அவரை மதிக்க ஆரம்பித்தது. அவரைக் கண்டால் எழாதவர்கள் எழுந்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர் ஓர் ஆளை எழுப்பிவிட்டு இடம் கொடுத்தார். இவரைக் கண்டதும் டீக்கடையில் ரேடியோவை அமர்த்தினார்கள். கவுஸ் பாஷா அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டார். "நீங்க தைரியமா நடத்துங்க சார். நாங்க இருக்கோம்" என்றார் சவுரியப்பன். கடைசியில் இந்த ஊருக்கும் நாகரிகம் எட்டிவிட்டது என்று தீர்த்தகிரி நினைத்துக்கொண்டார். மகன் வராத துக்கத்தின் நடுவிலும் அது கொஞ்சம் இதமாக இருந்தது.

விழா அன்று கூட்டம் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. பென்னாகரத்திலிருந்து இரண்டு லாரி ஜனம். அறிமுகமே இல்லாத ஊர்க்காரர்கள். ஓடுவதற்கு என்று வந்தவர்களில் பள்ளிக்கூடப் பையன்கள், மண்டி மூட்டைக்காரர்கள், லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு போலீஸ்காரர். யாரும் சத்தம் போடவில்லை, கிண்டல் அடிக்கவில்லை. சீமையிலும் இப்படித்தான் ஒழுங்காக இருப்பார்கள் என்று அவர் பாஷாவிடம் சொன்னார். பாஷா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நஞ்சம்மாளைத் திருப்பத்தில் மர நிழலில் உட்காரவைத்துவிட்டு, தீர்த்தகிரி தனியாகக் கோயிலடியில் போய் நின்றார். ஓட்டம் முடிகிற இடம் அது. கட்டிய கயிறு, ஒரு மேசை, அதன்மேல் மெடல்கள். தூரத்தில் குட்டிச் சுவர்ப் பக்கமிருந்து சவுரியப்பனின் விசில் கேட்டது. புழுதி எழுந்தது. அவர் நிமிர்ந்து நின்றார்.

புழுதி பாலத்தைத் தாண்டியது. மில்லைத் தாண்டியது. திருப்பத்துக்கு வந்தது. அங்கேயே அடங்கிவிட்டது.

யாரும் வரவில்லை. வெயில் ஏறியது. யாராவது விழுந்துவிட்டார்களா, சண்டையா? கயிற்றைத் தாண்டிக்கொண்டு அவர் திருப்பத்துக்கு நடந்தார்.

ஓடிவந்த அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள், மூச்சு வாங்கிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு. செருப்புகள் தள்ளி ஓரமாகக் குவிந்து கிடந்தன. நடுவில் கல். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, அரளிமாலை போட்டிருந்தது. கல்லின் உச்சியில் யாரோ எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். கல்லடியில், தலை கலைந்து, உட்கார்ந்திருந்தாள் நஞ்சம்மாள். ஆத்துமேட்டூர்ப் பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

கூட்டம் அவருக்கு வழி விட்டது.

"எங்களுக்குக் கல்லு நட்டன்னிக்கே தெரிஞ்சுபோச்சுங்க" என்றாள் அவர்களில் மூத்தவளான கண்ணம்மாள். "இந்தம்மாகிட்ட நீங்க சொல்லலீங்களா? நானு மஞ்சத் தண்ணி ஊத்தறப்ப, 'இது யாருக்கு'ன்னு என்னயக் கேக்குதுங்க. பெத்தவகிட்ட மறைக்கலாங்களா?"

"தெறப்பு விழாவுக்குன்னு அடிச்ச கல்லு சார்" என்றார் பாஷா. "இதுக்கு ஆவும்னு யாரு கண்டா? போஸ்டாபீஸ்ல சேதி வந்ததுலேருந்து நாங்க ஒருத்தரும் வாயத் தெறக்கல. நீங்களா சொல்லட்டும்னு இருந்தோம்."

அப்போதுதான் தீர்த்தகிரிக்கு விளங்கியது, பஸ்ஸில் கிடைத்த இடம், அமர்த்திய ரேடியோ, கூடிய கூட்டம், எல்லாம். அவர் சீமைக்குப் போய்வந்ததற்கோ, பாதைக்கோ, நாகரிகத்துக்கோ ஒரு பயலும் எழுந்திருக்கவில்லை.

நஞ்சம்மாள் தலையைத் தூக்கினாள். அவள் குரல் அழுது தேய்ந்திருந்தாலும் தெளிவாக இருந்தது.

"சொல்லுங்க. இருக்கானா?"

"இருக்கான் நஞ்சு" என்றார் அவர். "நல்லா இருக்கான். நாலு நாளைக்கு முன்னால பேசுனேன்."

கூட்டத்தில் உச்சுக்கொட்டினார்கள். "பாவம், புத்தி ஏத்துக்க மாட்டேங்குது" என்று யாரோ சொன்னார்கள். போலீஸ்காரர் அவர் தோளைத் தாங்கினார். "நெசமாத்தான்யா, உசுரோட இருக்கான்" என்று தீர்த்தகிரி அவரிடம் திரும்பினார். "ஆமாங்க, ஆமாங்க" என்றார் போலீஸ்காரர்.

நஞ்சம்மாள் மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு ஒரு வரியாக அவர் சொன்னதையெல்லாம் கேட்டு வைத்திருந்த காது அது. எது புளுகு, எது மெய் என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை. இது மெய் என்று அவள் கண்டுகொண்டாள். அவள் கண்டுகொண்டதை அவரும் கண்டார். இத்தனை பேர் முன்னால் இனி மகனைப் பிழைக்கவைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் நம்பும்.

"எப்ப வர்றேன்னான்?" என்று மெல்லக் கேட்டாள்.

அவர் ஆற்றைப் பார்த்தார். ஆறு வெகுதூரத்தில் இருந்தது.

"என்னய எதாச்சும் கேட்டானா?"

கேட்டான், அழுதான், களி கேட்டான் என்று சொல்ல வாயைத் திறந்தார். அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, தன் கையைப் பிடித்திருந்த பெண்களின் பக்கம் திரும்பினாள்.

"இல்லீங்க. அவரு சொல்றத விடுங்க. எம் பையன் இருந்திருந்தா வந்திருப்பான்."

சொல்லிவிட்டு, கண்ணம்மாளின் தட்டிலிருந்து மஞ்சளை அள்ளிக் கல்லின் முகத்தில் இரண்டு கையாலும் பூசினாள். பச்சியப்பன் கண்ணும் மூக்கும் ஒரு மாதிரியாகத்தான் அடித்திருந்தான். அவள் விரலால் தடவித் தடவி, கன்னம் எது, நெற்றி எது என்று தேடிப் பூசினாள். அப்போதுதான் அவளுக்கு வாய்விட்டு அழுகை வந்தது.

"பெத்தவருதான் மொதல்ல சூடம் கொளுத்தோணும்" என்றாள் கண்ணம்மாள்.

யாரோ தீர்த்தகிரியின் கையில் தீப்பெட்டியைத் திணித்தார்கள். அவர் குனிந்தார். முதல் குச்சியைக் காற்று அணைத்தது. இரண்டாவதையும் அணைத்தது. கவுஸ் பாஷா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் குவித்து மறைவு கட்டினார்.

"இப்பக் கிழிங்க சார்" என்றார்.

கிழித்தார். பிடித்துக்கொண்டது.